கார் உங்களுடையது, உயரம் ஒழுங்கையுடையது



கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருக்கிற தம்பிமாரும், பிள்ளைக்குக் கார் எடுக்கக் காசு அனுப்புகிற வாப்பாமாரும் கட்டாயம் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் வாசித்துவிட்டு அவர்களை மென்ஷன் பண்ணிவிடுங்கள்.

விஷயம் இதுதான். காரைப் பதிப்பது. ஸ்பிரிங் கொயிலை வெட்டியோ, கட்டை ஸ்பிரிங் போட்டோ, வண்டியை ரோட்டோடு ஒட்டினாற்போல் இறக்குகிற வேலை. முன்பு கொழும்புப் பக்கம் போனால் பார்ப்போம். இப்போது பெருநாள் லீவுக்கு எங்கள் தீவுக்குள் வருகிற கார்களில் பாதி தவழ்ந்துகொண்டு வருகின்றன. போன பெருநாளில் ஒரு தம்பி, தொழுகை முடிந்து வெளியே வந்த எங்களைப் பிடித்து நிறுத்தி, "சேர், டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவுல விரல விட்டுப் பாருங்க, போகாது" என்று பெருமையாகக் காட்டினார். உண்மைதான், போகவில்லை.

நாங்கள் இதற்கு எதிர். அழகில்லை என்று சொல்ல மாட்டோம். பதித்த கார் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லி என்ன? இளைஞர்கள் தங்கள் காசில் தங்கள் வண்டியை அலங்கரிப்பதைப் பார்த்து வயிறெரிகிற கூட்டத்திலும் நாங்கள் இல்லை. எங்கள் எதிர்ப்புக்கு ஒரே காரணம்தான். மன்னாரில் ஒரு வீட்டில் நிற்கிற கார் அந்த வீட்டுக்கு மட்டும் உரிய கார் அல்ல.

யோசித்துப் பாருங்கள். உங்கள் ஒழுங்கையில் எத்தனை வீட்டில் கார் நிற்கிறது? எங்கள் ஒழுங்கையில் இரண்டு. நாற்பது வீட்டுக்கு இரண்டு கார். நடுச்சாமத்தில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் அந்த இரண்டு கதவில் ஒன்றைத்தான் தட்டுவார்கள். பிள்ளைப்பேற்று வலி வந்தாலும், பாம்பு கடித்தாலும், கடலுக்குப் போனவர் கையை இயந்திரத்தில் கொடுத்துவிட்டு வந்தாலும் அதே கதவுதான். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையன்று பஸ்ஸை விட்ட பிள்ளை ஓடி வருவதும் அங்கேதான். கார்க்காரர் "பெட்ரோல் காசு வேண்டாம்" என்று சொல்வார், மற்றவர் சீட்டில் வைத்துவிட்டுப் போவார். இதெல்லாம் எழுதாத ஒப்பந்தம்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நல்ல சேவை, காசும் இல்லை. வடக்குக்கு அது 2018 யூலையில் வந்தது. (அந்த 1990 என்ற எண்ணை அழுத்தும்போது எங்களில் நாற்பதைத் தாண்டியவர்களின் விரல் ஒரு கணம் தயங்கும். எந்த ஒக்டோபரை அது ஞாபகப்படுத்துகிறது என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எண்ணை வைத்தவர்கள் அதை நினைத்து வைத்திருக்க மாட்டார்கள்.) ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குச் சுகமில்லாமல் போனால் ஒருவர் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்கிற வீட்டில் பொறுமையும் இருப்பதில்லை. முதலில் போனை எடுப்பவரைவிட முதலில் செருப்பைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடுபவர்தான் எங்கள் ஊரில் அதிகம்.

போன மாரியில் நடந்ததைச் சொல்கிறோம், ஆளைச் சொல்ல மாட்டோம். இரவு இரண்டு மணி, மழை விட்டு விட்டுப் பெய்கிறது. ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி. பக்கத்து வீட்டுத் தம்பி தூக்கக் கலக்கத்திலும் ஒரு நிமிடத்தில் காரை எடுத்துவிட்டார். தங்கமான பிள்ளை. கார் மட்டும் பதித்த கார். முன்னால் இருவர், பின்னால் மூவர், டிக்கியில் உடுப்புப் பை, வெந்நீர்ப் போத்தல், பாய். ஒழுங்கை முடிந்து பெரிய வீதியில் ஏறுகிற இடத்தில் மதகின் கொங்கிரீட் விளிம்பு தண்ணீருக்குள் மறைந்து நின்றது. "டம்" என்று ஒரு சத்தம். அரைக் கிலோமீற்றர் போனதும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓயில் சம்ப் உடைந்து எண்ணெய் எல்லாம் வழியெல்லாம் போய்விட்டது. மழையில் நின்று ஆட்டோ பிடித்து, ஆட்டோவில் அந்தப் பெண்ணை ஏற்றி, உம்மா மடியில் தலையை வைத்துக்கொண்டு மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தாயும் பிள்ளையும் நலம், அல்ஹம்துலில்லாஹ். அந்தத் தம்பி இன்னும் அந்த வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்படுகிறார். அவர் கூச்சப்பட வேண்டியதே இல்லை. ஸ்பிரிங்கை வெட்டுகிற நேரத்தில் இப்படி ஒரு இரவு வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

இனி கணக்குக்கு வருவோம். நாங்கள் படிப்பிக்கிறவர்கள், கணக்கு இல்லாமல் விட மாட்டோம்.

ஒரு ஏ4 தாளை எடுங்கள். நடுவால் ஒருமுறை மடியுங்கள். இப்போது அது 210க்கு 148 மில்லிமீற்றர். இன்னொருமுறை மடியுங்கள், 148க்கு 105. வீட்டில் அளவு நாடா இல்லாவிட்டாலும் உங்கள் கையில் இப்போது இரண்டு அளவு இருக்கிறது, 148ம் 105ம். காரைச் சமதரையில் நிறுத்துங்கள். மடித்த தாளை நிமிர்த்திப் பிடித்து, காரின் அடியில் மிகவும் தாழ்ந்து தொங்குகிற இடத்தில் கொடுத்துப் பாருங்கள். அது பெரும்பாலும் முன்பக்கம் இஞ்சினுக்குக் கீழே அல்லது சைலன்சர்க் குழாயில் இருக்கும். எங்கள் வீதிகளில் நிறைய ஓடுகிற டொயோட்டா அக்குவா, கம்பெனியிலிருந்து வரும்போது நிலத்திலிருந்து 140 மில்லிமீற்றர். 148 உள்ளே போகாது, 105 தாராளமாகப் போகும். இந்திய மாருதி ஓல்டோ 800 என்றால் 160, இரண்டுமே போகும்.

இப்போது நான்கு பேரை ஏற்றுங்கள். நாலு பிள்ளைகளை அல்ல, நாலு பெரியவர்களை. பின்பக்கம் இரண்டு மூன்று விரல் அளவு இறங்குவதைக் கண்ணாலேயே காணலாம். காற்பங்கு தொன் ஏறியிருக்கிறதல்லவா? 40 மில்லிமீற்றர் இறங்கியது என்று வையுங்கள். 140இல் 40 போக 100. இதுதான் கம்பெனி கொடுத்த கார், ஆள் நிறைந்த நிலையில். இந்தக் காரை இன்னும் 40 பதித்தால்? 60. ஒரு டென்னிஸ் பந்து அந்த இடைவெளிக்குள் போகாது. பந்தின் குறுக்களவே 65க்கு மேல்.

கார் வெறுமையாக ஷோவில் நிற்கும்போது எவ்வளவு உயரம் என்பது கதையே அல்ல. ஐந்து பேரோடு இரவு இரண்டு மணிக்கு எவ்வளவு உயரம் என்பதுதான் கதை.

அடுத்து வேகத்தடை. இதில் தம்பிமார் பக்கம் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பிரித்தானியாவின் வீதி ஆராய்ச்சிக் கூடத்தில் 1970களில் ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள். உயரம் 10 சென்ரிமீற்றர், வண்டி போகிற திசையில் நீளம் 3.7 மீற்றர், மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிற வட்ட வளைவு. இந்திய வீதிக் காங்கிரஸின் விதியும் கிட்டத்தட்ட அதேதான், 17 மீற்றர் ஆரையுள்ள வளைவு. இதில் ஒரு கணித அழகு இருக்கிறது. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் 2.55 மீற்றர் உள்ள கார், அந்த வளைவில் முழுவதுமாக ஏறி நிற்கும்போது, சில்லுகளும் வளைவின் மேலேதான் நிற்கின்றன. ஆகவே காரின் வயிற்றை நோக்கி மேடு உயர்ந்து வருவது 10 சென்ரிமீற்றர் அல்ல, 5 சென்ரிமீற்றரும் இல்லை. உயர்தரக் கணிதப் பிள்ளைகள், 2.55ஐ வர்க்கித்து, எட்டுத்தரம் பதினேழால் பிரித்துப் பாருங்கள். 48 மில்லிமீற்றர் வரும்.

அதே 10 சென்ரிமீற்றர் உயரத்தை ஒரு முழ அகலத்தில் கட்டினால்? முன் சில்லு இறங்கி நிலத்தில் நிற்கும், பின் சில்லு இன்னும் ஏறவில்லை, நடுவில் முழு 100 மில்லிமீற்றரும் வயிற்றில் குத்தும். உயரம் ஒன்று, உதை இரண்டு மடங்கு. எங்கள் பக்கம் ஒழுங்கைகளில் இருக்கிற பல தடைகள் இந்த இரண்டாவது ரகம். ஒரு பிள்ளை மோட்டார் சைக்கிளில் அடிபட்டதும் அடுத்த நாள் ஊரார் சீமெந்துக் கலவையை வரப்பு மாதிரிக் குவித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கோபம் எங்களுக்கும் விளங்குகிறது, பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளைகளைக் கடத்தி விடுகிறவர்கள் நாங்கள்தான். ஆனால் அந்த வரப்பு வேகமாக வருகிற மோட்டார் சைக்கிளை நிறுத்துவதைவிட, மெதுவாக வருகிற நோயாளியின் காரைத்தான் நன்றாகப் பதம் பார்க்கிறது. வேகத்தடை வேண்டும், வரப்பு வேண்டாம்.

ஆகவே பதித்த கார்க்காரர்கள் "ரோட்டுத்தான் பிழை, கார் சரி" என்று சொல்கிறார்கள். வேகத்தடையைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் பாதி சரி. மணலையும் தண்ணீரையும் ரயில் தண்டவாளத்தையும் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது.

மன்னார்த் தீவு என்பது மணல்திட்டு. கொங்கிரீட் வீதி போட்ட ஒழுங்கைகளில்கூட, எதிரே ட்ராக்டர் வந்தால் ஒரு பக்கச் சில்லை மணலில் இறக்கித்தான் விலக வேண்டும். சாதாரணக் கார் மணலில் புதைந்தால் டயரில் காற்றைக் குறைத்து, நாலு பேர் தள்ளி எடுத்துவிடலாம். பதித்த காரில் அந்த வைத்தியம் பலிக்காது. காற்றைக் குறைத்தால் கார் இன்னும் இறங்கும். வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டால் பாரத்தை மணல் தாங்கிக்கொள்ளும், சில்லுக்குப் பாரமே இருக்காது, வெறுமனே சுற்றி மணலை வாரி இறைக்கும். பிறகு ட்ராக்டரும் கயிறும்தான்.

தண்ணீர்க் கதை உங்களுக்குத் தெரியும். 2024 நவம்பரில் பெங்கல், 2025 நவம்பரில் டித்வா. மாவட்டமே தண்ணீருக்குள் கிடந்தது. காற்றாலைக்குப் போட்ட பாதைகளால்தான் வடிகால் அடைபட்டது என்று ஊரார் வீதியில் இறங்கினோம். அந்த விவாதத்தை இன்னொரு பதிவில் வைத்துக்கொள்வோம். இங்கே சொல்ல வேண்டியது, தண்ணீர் வடிகிற வேகத்தைவிட மழை கொட்டுகிற வேகம் கூடிய ஊரில் கார் உயரம் என்பது அலங்கார விஷயம் அல்ல. இஞ்சினுக்குக் காற்று இழுக்கிற வாய்க்குள் தண்ணீர் போனால், காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் தண்டு வளையும், இஞ்சினே போய்விடும். ஹைபிரிட் கார் என்றால் இன்னொரு சங்கதி. அக்குவாவில் பெரிய பற்றரி பின்சீட்டுக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து முன்னுக்குப் போகிற செம்மஞ்சள் நிற உயர் மின்னழுத்த வயர் காரின் அடிவயிற்றோடுதான் ஓடுகிறது. அடியைக் கல்லில் தேய்த்துக்கொண்டு போகிற காருக்கு இது விளையாட்டில்லை. கடற்கரைப் பக்கத்து உப்புத் தண்ணீர் அடித்தகட்டின் பெயின்ட் சிராய்த்த இடங்களில் எவ்வளவு வேகமாகத் துருவேற்றும் என்பதை எங்கள் ஊர் வெல்டிங் கடைக்காரர்களைக் கேளுங்கள், அவர்கள் வீடு கட்டியதே அதில்தான்.

ரயில் கடவை. 1990இல் நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015 மார்ச்சில் திரும்பவும் ஓடத் தொடங்கியது. எங்களுக்கு அன்று பெருநாள் மாதிரித்தான் இருந்தது. ஆனால் ஒரு தலைமுறை தண்டவாளமே பார்க்காமல் வளர்ந்துவிட்டது. 2021 மார்ச்சில் தலைமன்னாரில் கடவையைக் கடந்த பஸ்ஸில் ரயில் மோதி ஒரு மாணவப் பிள்ளையை இழந்தோம். பஸ் உயரமான வண்டி, அந்த விபத்துக்கும் பதித்த காருக்கும் தொடர்பில்லை. ஆனால் கடவை என்றால் எங்களுக்கு ஏன் நெஞ்சு அடிக்கிறது என்பதற்காகச் சொல்கிறோம். மேடேறி, தண்டவாளம் தாண்டி, மேடிறங்குகிற கடவையில், 60 மில்லிமீற்றர் வயிறுள்ள கார் நடுவில் குந்திவிட்டால், அதை அங்கேயிருந்து நகர்த்துவதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை ரயில்தான் தீர்மானிக்கும்.

சரி, ஸ்பிரிங்கை வெட்டினால் உயரம் மட்டும்தான் குறைகிறதா? அதுதான் பலருக்குத் தெரிவதில்லை. ஆறு சுற்று வேலை செய்கிற கொயிலில் ஒரு சுற்றை வெட்டினால் மீதி ஐந்து. கொயில் ஐந்திலொரு பங்கு இறுகிவிடும். பள்ளத்தில் விழுகிறபோது உங்கள் முதுகுக்கு வருகிற அடி கூடும். அதே நேரம் சொக் அப்சோபர் மேலும் கீழும் ஓடுவதற்கு இருந்த இடம் சுருங்கிவிட்டதால், கொஞ்சம் பெரிய குழி என்றால் உள்ளே இருக்கிற ரப்பர்க் கட்டையில் போய் இடிக்கும். பிறகு சொக் எண்ணெய் கசியும். காஸ் நெருப்பால் வெட்டியிருந்தால் இன்னும் மோசம், வெட்டிய இடத்தில் உருக்கின் பதமே கெட்டுவிடும். சில்லு ஒரு பள்ளத்தில் தொங்கும்போது கட்டையான ஸ்பிரிங் அதன் இருப்பிடத்தை விட்டு நழுவவும் கூடும். டயரின் உள்பக்கம் மட்டும் தேயும். வெளியே பார்த்தால் புது டயர், உள்ளே கம்பி தெரியும். இதற்கெல்லாம் பிறகு ஆகிற செலவைக் கேட்டால், வெட்டுக்கூலி ஞாபகத்துக்கே வராது.

கராஜ் பாஸ்மாரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை காசைக் கொண்டுவந்து வைத்தால் வெட்டிக் கொடுக்காதீர்கள். நீங்கள் வெட்டாவிட்டால் வேறொருவர் வெட்டுவார் என்று சொல்வீர்கள். பரவாயில்லை, வேறொருவர் வெட்டட்டும்.

வெளிநாட்டில் எல்லாம் செய்கிறார்களே என்று கேட்கிற தம்பிமாருக்கு ஒரு கதை. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் மெக்சிக்கோ வம்சத்து இளைஞர்கள் காரைப் பதித்து, மெதுவாக, மிக மெதுவாக, ஊர்வலம் போல ஓட்டுவார்கள். தங்களை மதிக்காத ஊரில் தங்களைப் பார்க்க வைப்பதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி அது. 1958இல் அங்கே ஒரு சட்டம் வந்தது, காரின் எந்தப் பாகமும் சில்லு றிம்மின் அடிவிளிம்பைவிடத் தாழக் கூடாது என்று. அடுத்த வருடமே றொன் அகிரே என்ற இளைஞர் காரில் ஹைட்ரோலிக் பம்பைப் பூட்டினார். பொலிஸைக் கண்டால் சுவிட்சைத் தட்டுவார், கார் எழுந்துவிடும். பொலிஸ் போனதும் மறுபடி படுத்துவிடும். வெறும் வேடிக்கையாகப் பார்க்காதீர்கள். அவர்கள் அழகுக்காக இறக்கினார்கள், தேவைக்கு ஏற்றுவதற்கும் வழி வைத்துக்கொண்டார்கள். அந்த ஊர்வலங்களை ஊர்கள் தடை செய்கிற அதிகாரத்தையும் கலிபோர்னியா 2024 சனவரியிலிருந்து எடுத்துவிட்டது. அவர்கள் பெருமைக்கு நாங்கள் சலாம் போடுகிறோம். ஆனால் அங்கே அந்தக் கார் ஞாயிற்றுக்கிழமைக் கார். நீங்கள் கொயிலை வெட்டுவது ஒழுங்கையின் ஒரே காரில். வெட்டிய கொயிலுக்கு ஏற்றுகிற சுவிட்ச் கிடையாது.

இதையும் சொல்ல வேண்டும். பதித்த கார் வைத்திருக்கிற எல்லோரும் தாங்களே பதித்தவர்கள் அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் பழைய கார்தான் கைமாறியது, அதுவும் தங்க விலைக்கு. கொழும்பில் ஒரு பிள்ளை ஆசைப்பட்டுப் பதித்த கார், மூன்று கை மாறி, கட்டார் காசில், எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வாங்கினவருக்கு ஸ்பிரிங்கைப் பார்க்கத் தெரியாது, மீற்றரையும் ஏசியையும் பார்த்து வாங்கியிருப்பார். அவரைக் கிண்டல் பண்ணி என்ன பயன்?

அவர்கள் முதலில் செய்ய வேண்டியது, அந்த மொடலுக்குரிய ஒரிஜினல் ஸ்பிரிங்கைத் தேடிப் போடுவது. பழைய பாகங்கள் விற்கிற இடங்களில் சோடியாகக் கிடைக்கும். முன் இரண்டும் ஒன்றாக, பின் இரண்டும் ஒன்றாக மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. சொக் கசிகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். பிறகு வீல் எலைன்மென்ட். ஸ்பேசர் போட்டு உயர்த்தலாம் என்பார்கள். ஒரு அங்குலம் வரை பலர் போட்டு ஓடுகிறார்கள். அதற்கு மேல் ஆசைப்பட்டால் சில்லுக்குப் போகிற அக்சிலின் கோணம் கெட்டு, அதன் ரப்பர் உறை கிழியும். வெட்டின ஸ்பிரிங்கின் மேல் ஸ்பேசர் வைப்பது பிழைக்கு மேல் பிழை.

டயரால் கொஞ்சம் உயர்த்தலாம். 155/65 அளவில் 14 அங்குல டயர் போட்டிருக்கிற காருக்கு 165/70 போட்டால் கிட்டத்தட்ட 15 மில்லிமீற்றர் உயரும். ஆனால் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதாக முறித்து, எங்கேயும் உரசவில்லை என்று பார்க்க வேண்டும். மீற்றர் 60 காட்டும்போது உண்மையில் 63இல் போவீர்கள் என்பதையும் ஞாபகம் வையுங்கள். சம்புக்குக் கீழே ஒரு இரும்புத் தகடு பூட்டினால் உயரம் சில மில்லிமீற்றர் குறையும், ஆனால் சம்ப் தப்பும். எங்கள் கருத்தில் அது இலாபம்.

ஸ்பிரிங் மாற்றுகிற வரைக்கும் ஓட்டுகிற விதத்தில்தான் காப்பாற்ற வேண்டும். வேகத்தடையில் ஏறும்போது பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் மிதித்தால் கார் மூக்கைக் குத்தும், பம்பர் போகும். தடைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, காலை எடுத்து, உருண்டு ஏறுங்கள். பின்னால் வண்டி இல்லாவிட்டால் கொஞ்சம் சரிவாக ஏற்றுங்கள், ஒரு சில்லு ஏறிய பிறகு மற்றது ஏறட்டும். ஆள் நிறைய இருந்தால் வெட்கப்படாமல் இரண்டு பேரை இறக்கிவிட்டு, தாண்டினதும் ஏற்றுங்கள். எங்கள் உப்பாமார் மொரிஸ் மைனரைத் தள்ளி ஓட்டின காலத்தில் யாரும் வெட்கப்படவில்லை. சில்லின் அரைவாசிக்கு மேல் தண்ணீர் நின்றால் இறங்கவே வேண்டாம். தண்ணீருக்குள் இஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் அடிக்காதீர்கள், தள்ளி வெளியே எடுத்துப் பாஸைக் கூப்பிடுங்கள். இரவில் கழுதைகளையும் பார்த்துப் போங்கள். மன்னார்க் கழுதை கார் உயரமா தாழ்வா என்று பார்த்து எழுந்து போகாது, ரோட்டில் படுத்தது படுத்ததுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள். 2025 சனவரியில் பொலிஸார் பஸ்களிலும் ஆட்டோக்களிலும் அனுமதியில்லாமல் பூட்டிய லைட்டுகளையும் ஹோன்களையும் கழற்றச் சொன்ன நடவடிக்கை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இந்தியாவில் 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் எங்கள் நாட்டில் தனியார் காருக்கு வருடா வருடம் பார்ப்பது புகையை. அடியில் படுத்து ஸ்பிரிங்கை யாரும் அளப்பதில்லை. சட்டம் வந்து பிடிக்கும் என்று உங்களை வெருட்ட நாங்கள் இதை எழுதவில்லை, அநேகமாகப் பிடிக்காது. காப்புறுதிப் பத்திரத்தை மட்டும் ஒருமுறை வாசியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்க அதில் இடமிருக்கிறதா என்று விபத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இனி எங்கள் பக்கத்து வேலை. தம்பிமாரிடம் ஸ்பிரிங்கை மாற்று என்று சொல்லிவிட்டு, சீமெந்து வரப்பைப் பார்த்தும் பாராமல் போனால் அது நியாயமில்லை. ஆகவே வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு, எங்கள் பாடசாலை வீதியிலிருந்து தொடங்கி, ஒழுங்கைகளில் இருக்கிற ஒவ்வொரு வேகத்தடையையும் அளக்கப் போகிறோம். உயரம், நீளம், எந்த இடம், வெள்ளைக்கோடு இருக்கிறதா, இரவில் தெரிகிறதா. தரம் பத்துப் பிள்ளைகள் சிலர் கணித ஒப்படையாகச் செய்ய ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். படத்தோடு பிரதேச சபைக்குக் கொடுப்போம். உடைக்கச் சொல்லி அல்ல, 3.7 மீற்றருக்கு நீட்டிக் கட்டச் சொல்லி. அளவு நாடா இரண்டு இருக்கிறது, மட்டக்கோல் ஒன்று தேவை. மேசன் வேலை தெரிந்த யாராவது கொண்டுவந்தால் உதவி. பதித்த கார் வைத்திருக்கிற தம்பிமாரும் வாருங்கள், எந்தத் தடை எந்த இடத்தில் அடிக்கிறது என்பது உங்களுக்குத்தான் மனப்பாடம். வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள், தேநீர் எங்கள் பொறுப்பு.